ஏஇஆர்பி ஆய்வுக்குத் தயாராவது எப்படி: கதிரியக்க கேஜ் வைத்திருக்கும் ஆலைகளுக்கு முழு வழிகாட்டி

ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஆய்வு வரப்போகிறது என்று தெரிந்ததும் புதிதாகப் பொறுப்பேற்ற ஆர்எஸ்ஓ (கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி) செய்யும் முதல் வேலை, அலமாரியைத் திறந்து போன வருஷக் கோப்பைத் தேடி எடுப்பது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் நான் போய் உதவிய ஆலைகளில் பெரும்பாலும் இதையேதான் பார்த்தேன். கோப்பு அழகாக இருக்கும். ஆனால் அதில் எழுதியிருக்கும் சோர்ஸ் (கேஜுக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள்) நம்பர் ஒன்று, மேலே பிளாட்பாரத்தில் புழுதி படிந்து நிற்கும் கேஜில் அடித்திருக்கும் நம்பர் இன்னொன்று. ஆய்வாளர் கோப்பைப் பார்த்துவிட்டு மேலே ஏறத்தான் போகிறார். அவருக்கு முன்னால் நீங்கள் ஏறிவிடுங்கள்.

சிமென்ட் ஆலை, மின் நிலையம், ரசாயன ஆலை போன்ற இடங்களில் ஹாப்பரிலோ (சரக்கு நிற்கும் தொட்டி) சைக்ளோனிலோ (தூளைப் பிரிக்கும் கலன்) சரக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க சீசியம்-137 அல்லது கோபால்ட்-60 வைத்த கேஜ் இருக்குமே, அதைக் கையாளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடியோகிராபி கேமரா வைத்திருப்பவர்களுக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான், விவரங்கள்தான் மாறும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது நான்கு வாரம் வேண்டும். சர்வே மீட்டரின் (கதிர் அளவைக் காட்டும் கைக்கருவி) அளவுத்திருத்தச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் அதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கவே வாரங்கள் ஆகும், அதுவரை நீங்கள் எடுக்கும் எந்த அளவுக்கும் மதிப்பில்லை. அதனால் முதல் நாளே மீட்டரின் சான்றிதழில் தேதி பாருங்கள். முடிந்துவிட்டதென்றால் அன்றைக்கே அனுப்பிவிட்டு, சான்றிதழ் உள்ள இன்னொரு மீட்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அப்புறம் இலோரா (ஏஇஆர்பியின் இணைய உரிமத் தளம்) கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். முன்பிருந்த ஆர்எஸ்ஓ வேலையை விட்டுப் போகும்போது அதையும் தன் மனசிலேயே கொண்டு போயிருப்பார். அவருடைய கைபேசிக்குத்தான் தகவல் எல்லாம் போய்க்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய நிர்வாகத்தின் கையெழுத்து தேவைப்படும், கடைசி வாரத்தில் அது நடக்காது.

உங்கள் ஆர்எஸ்ஓ ஒப்புதல் இந்த ஆலையின் பெயரில்தான் இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு ஆலையில் வாங்கிய ஒப்புதலோடு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு "என்கிட்டதான் இருக்கே" என்று நினைப்பவர்கள் உண்டு. ஒப்புதல் ஆளோடு கூடவே நடந்து வராது.

1. சோர்ஸ்களை நேரில் போய் எண்ணுங்கள்

ஒரு வெள்ளைத்தாள், பேனா, ஈரத்துணி, கைபேசி கேமரா, கூடவே சர்வே மீட்டர். பழைய பட்டியலைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். பட்டியல் கையில் இருந்தால் கண் அதைத்தான் படிக்கும், தகட்டைப் படிக்காது.

ஒவ்வொரு கேஜின் முன்னாலும் நின்று பெயர்த்தகட்டைத் துணியால் துடையுங்கள். சுண்ணாம்புத் தூசி மழை ஈரத்தில் இறுகித் தகட்டின் மேல் பூசியதுபோல ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டத் தோன்றும், சுரண்டாதீர்கள், அடித்திருக்கும் எழுத்து ஏற்கெனவே ஆழம் குறைந்தது. ஈரத்துணியை இரண்டு நிமிடம் மேலேயே வைத்திருந்து எடுத்தால் போதும். ஐசோடோப்பின் பெயர், சோர்ஸின் வரிசை எண், அதை வைத்திருக்கும் உறையான ஹவுசிங்கின் வரிசை எண், கதிரியக்க அளவு, அந்த அளவு எந்தத் தேதியில் குறித்தது, இந்த ஐந்தையும் எழுதிக்கொண்டு படமும் எடுங்கள்.

சோர்ஸ் எண்ணும் ஹவுசிங் எண்ணும் வேறு வேறு. புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. ஒரு ஆலையில் ஆறு கேஜுக்கும் ஹவுசிங் எண்ணையே சோர்ஸ் எண் என்று மூன்று வருஷம் அறிக்கை அனுப்பியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் 3 என்பதை 8 என்று படித்துவிட்டார்கள், அவ்வளவுதான், ஆனால் தாளின்படி பார்த்தால் ஒரு சோர்ஸ் காணாமல் போய், கணக்கில் இல்லாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

தகட்டுக்குப் பக்கத்தில் நிற்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. படிக்கும் வேலை முடிந்ததும் இரண்டடி தள்ளி வந்து எழுதுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் அளவு கால் பங்காகக் குறையும் என்பதைப் பாடத்தில் எழுதுகிறோம், ஏணியில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம்.

2. எழுதி வந்ததை இலோராவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்

இப்போது உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் டிக் போட வேண்டும், ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பிழை தப்பிவிடும்.

உரிமத்தில் உள்ள கேஜுகளின் எண்ணிக்கை, வகை, இருக்கும் இடம் மூன்றும் பொருந்த வேண்டும். இடம் மாறியிருந்தால் அதுவும் கண்டுபிடிக்கப்பட வேண்டிய குறைதான். ஒரு ஹாப்பரை இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டும்போது மெக்கானிக்கல் ஆட்கள் கேஜையும் கழற்றி மாட்டிவிடுவார்கள், ஆர்எஸ்ஓவுக்குச் சொல்லவே மாட்டார்கள். உரிமம் பொதுவாக ஐந்து வருஷத்துக்குத்தான், முடிவுத் தேதிக்குப் பல மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கதிரியக்க அளவை இன்றைய தேதிக்குக் கணக்கிட்டு எழுதுங்கள். சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 வருஷம், கோபால்ட்-60க்கு 5.27 வருஷம். 20 வருஷம் முன்பு 3.7 கிகாபெக்கரல் என்று குறித்த சீசியம் சோர்ஸ் இன்றைக்கு 2.3 கிகாபெக்கரல் அளவில் இருக்கும். தகட்டில் உள்ளதை அப்படியே இன்றைய அளவாக எழுதிவைத்தால், இந்தக் கணக்கே தெரியாதவர் பொறுப்பில் இருக்கிறார் என்று ஆய்வாளருக்கு ஒரே வரியில் தெரிந்துவிடும்.

3. ஷட்டரை மூடி, மூடியதை மீட்டரால் உறுதிசெய்யுங்கள்

ஷட்டர் என்பது ஹவுசிங்கிலிருந்து கதிர் வெளியே வராமல் அடைக்கும் மூடி. இந்தப் படியில் அவசரம் காட்டாதீர்கள். ஆட்களுக்குக் கதிர் பட்டுத் தீங்கு வரக்கூடிய இடம் இதுதான்.

முதலில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்கள். ஷட்டரை மூடினால் எதிர்ப்பக்க டிடெக்டருக்குக் கதிர் போகாது, அது ஹாப்பர் நிரம்பிவிட்டது அல்லது சைக்ளோன் அடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஃபீடை (சரக்கு வரத்தை) நிறுத்திவிடும். சொல்லாமல் மூடி, கில்னையே (சூளையையே) நிறுத்த வைத்த புதியவர்களை எனக்குத் தெரியும். அதன்பிறகு அந்த ஆலையில் ஷட்டர் சோதனை என்றாலே உற்பத்தி ஆட்கள் விடமாட்டார்கள், சோதனை தாளில் மட்டும் நடக்க ஆரம்பிக்கும். இண்டர்லாக்கை (ஃபீடைத் தானாக நிறுத்தும் இணைப்பை) பைபாஸ் செய்து, செய்ததைப் பதிந்து, அப்புறம் மூடுங்கள்.

கைப்பிடி மூடிய நிலைக்கு வந்துவிட்டது என்பதற்காக உள்ளே ஷட்டர் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு கேஜின் கைப்பிடி வெண்ணெயில் கத்தி போனதுபோலத் திரும்பியது. இவ்வளவு லேசாகத் திரும்புகிறதே என்று சந்தோஷப்பட்டேன். மீட்டரைக் கொண்டு போனால் முள் இறங்கவே இல்லை, உள்ளே பின் முறிந்து கைப்பிடி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்த ஹாப்பருக்குள் லைனர் மாற்ற நான்கு பேர் இறங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மீட்டர் இல்லாமல் எந்த ஷட்டரையும் மூடியதாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

திறந்த நிலையில் ஒரு அளவு, மூடிய நிலையில் ஒரு அளவு, இரண்டையும் எழுதுங்கள். கைப்பிடி இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், கண்டபடி எண்ணெய் விடாதீர்கள், ஹவுசிங்கைத் திறக்கவே கூடாது. தயாரிப்பாளரையோ அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஆட்களையோ கூப்பிடுங்கள். கூப்பிட்ட மின்னஞ்சலைக் கோப்பில் வையுங்கள். குறையை நீங்களே கண்டுபிடித்து நடவடிக்கையும் எடுத்திருக்கிறீர்கள் என்பதும், ஆய்வாளர் வந்து கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

4. சுற்றிலும் அளவெடுங்கள்

மீட்டரின் பேட்டரியைச் சோதித்து, கேஜிலிருந்து வெகுதூரத்தில் ஆன் செய்து, முதலில் இயற்கையாக இருக்கும் பின்னணி அளவை எழுதுங்கள். நம் பக்கத்தில் இது முக்கியம். நவலடி, கூத்தங்குழி, பெரியதாழைக் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது, அதில் தோரியம் உண்டு, ஆகவே கடலோரத்தில் இருக்கும் ஆலைக்கும் உள்நாட்டில் இருக்கும் ஆலைக்கும் பின்னணி ஒன்றாக இருக்காது. பின்னணியை எழுதாமல் விட்டால், மண்ணிலிருந்து வருவதற்கும் உங்கள் கேஜ் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் ஹவுசிங்கின் மேற்பரப்பு, ஒரு மீட்டர் தூரம், ஏணி, பிளாட்பாரம், பக்கத்தில் ஆள் நிற்கும் இடம், டிடெக்டரின் பின்பக்கம். முடிந்தால் ஹாப்பர் காலியாக இருக்கும்போது எடுங்கள். சரக்கு இருந்தால் அதுவே கதிரைத் தடுத்துவிடும், காலியாக இருக்கும்போதுதான் எதிர்ப்பக்கத்தில் உண்மையான அதிகபட்சம் தெரியும்.

அலகில் கவனம். பழைய மீட்டர்கள் மில்லிராண்ட்ஜனில் காட்டும், படிவம் மைக்ரோசீவர்ட்டில் கேட்கும். மணிக்கு 1 மில்லிராண்ட்ஜன் என்பது தோராயமாக 10 மைக்ரோசீவர்ட். 0.2 என்று மீட்டர் காட்டியதை 0.2 மைக்ரோசீவர்ட் என்றே எழுதிவிட்டால், அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் காட்டியதாக ஆகும். தெரியாமல் செய்தது என்றாலும் தாளில் பார்க்கிறவருக்கு அது மறைப்பாகத்தான் தெரியும்.

எழுதிய எண்ணுக்கு அர்த்தமும் எழுதுங்கள். கதிர் அளவைப் பதியும் பேட்ஜ் போடாத பொதுவானவருக்கு வருஷத்துக்கு வரம்பு 1 மில்லிசீவர்ட். ஒருவர் வருஷத்தில் 2000 மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருகிறார் என்றால், பின்னணி போக மணிக்கு 0.5 மைக்ரோசீவர்ட் வந்தாலே அந்த வரம்பு எட்டிவிடும். அதே இடத்தில் ஒருவர் நாளுக்குப் பத்து நிமிடம்தான் நிற்கிறார் என்றால் கதை வேறு. வெயில் நேரத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு எங்கே நிழலில் உட்காருகிறார்கள் என்று மதியம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு ஆலையில் அது கேஜுக்கு நேர் கீழே இருந்த பிளாட்பாரம். வரைபடத்தில் அந்த இடத்தை யாருமே குறிக்கவில்லை.

5. எச்சரிக்கைப் பலகைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆடிக் காற்றிலும் நம் வெயிலிலும் பெயின்ட் இரண்டு வருஷம் தாங்காது, சின்னம் வெளுத்து வெறும் மஞ்சள் தகடாக நிற்கும். புதிதாக மாட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், இன்றைக்கு ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்) வேலைக்கு வருகிறவர்களில் பலர் வடமாநிலத்தார், இந்தியிலும் வேண்டும். பலகையில் ஆர்எஸ்ஓவின் கைபேசி எண் இப்போதைய ஆளுடையதா என்று பாருங்கள்.

6. டிஎல்டி பேட்ஜுகளைச் சரிபாருங்கள்

டிஎல்டி என்பது ஒருவர் வாங்கிய கதிர் அளவைப் பதியும் பேட்ஜ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். கதிரியக்கப் பணியாளருக்கு வரம்பு ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. கேஜ் வேலையில் பெரும்பாலும் இதற்குப் பக்கத்தில்கூட யாரும் போகமாட்டார்கள். ஆகவே ஒரு எண் உயர்ந்து வந்தால் முதலில் பேட்ஜ் எங்கே கிடந்தது என்று விசாரியுங்கள், ஆனால் விசாரிக்காமலே "கீழே போட்டிருப்பான்" என்று எழுதாதீர்கள்.

கண்ட்ரோல் பேட்ஜ்தான் அதிகம் தவறாகும் இடம். கதிர் இல்லாத இடத்தில் இருந்து ஒப்பீட்டுக்கு உதவ வேண்டியது அது. அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சோர்ஸ் ஸ்டோர் அறையிலேயே பூட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் ஆட்கள் வாங்கிய அளவில் ஒரு பகுதி கழிந்து குறைவாகத் தெரியும். வேலை முடிந்ததும் எல்லா பேட்ஜும் கண்ட்ரோல் இருக்கும் அதே தட்டில் வந்து சேர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவது, பைக் டேங்க் கவரில் வெயிலில் விடுவது, சட்டையோடு துவைப்பது எல்லாம் அளவைக் கெடுக்கும்.

பதினெட்டு வயது நிரம்பாதவரைக் கதிரியக்கப் பணியாளராக வைக்கக்கூடாது. கான்ட்ராக்டர் கொண்டுவரும் ஆட்களின் ஆவணத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

7. ஷட்டவுன் பெர்மிட்டுகளை ஷட்டர் பதிவோடு சேர்த்துப் பாருங்கள்

கடந்த வருஷத்தில் ஹாப்பர், சைக்ளோனுக்குள் ஆள் இறங்கிய பெர்மிட்டுகளை மெக்கானிக்கல் ஆபீஸிலிருந்து வாங்குங்கள். ஒவ்வொரு பெர்மிட் தேதிக்கும் உங்கள் பதிவேட்டில் ஷட்டர் மூடிப் பூட்டிய குறிப்பும், மூடிய பிறகு எடுத்த அளவும் இருக்கிறதா? இரண்டு துறைக் கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, அனுபவமுள்ள ஆய்வாளருக்குத் தோன்றும்.

பதிவு இல்லையென்றால் இல்லை. பழைய தேதி போட்டு எழுதி நிரப்பாதீர்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே பேனா, ஒரே கை, ஒரே அழுத்தம், பொங்கல் விடுமுறையிலும் கையெழுத்து. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இன்றைய தேதியில் "இந்த நாளுக்குப் பதிவு இல்லை, இனி பெர்மிட் படிவத்திலேயே ஆர்எஸ்ஓ கையெழுத்து கட்டாயம்" என்று எழுதுங்கள். விடுபட்ட பதிவைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. பொய்ப் பதிவு ஒன்று அகப்பட்டால் மற்ற எல்லாத் தாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

8. ஸ்டோர் அறையும் பயன்படாத சோர்ஸும்

பயன்பாட்டில் இல்லாத கேஜ் மூலையில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தால் அதை முதலில் கவனியுங்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குப் போன கோபால்ட்-60 ஒருவரின் உயிரை வாங்கியது, பலர் காயப்பட்டார்கள். அது ஒரு பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்து ஏலத்தில் போன கருவி. ஆலை கைமாறும்போது, பழைய யூனிட்டை உடைக்கும்போது இங்கேயும் அதே ஆபத்து உண்டு.

பூட்டு, இரண்டு சாவி யார் யாரிடம், உள்ளே எடுத்தது வைத்தது பற்றிய பதிவேடு இவை இருக்க வேண்டும். அந்த அறையில் பெயின்ட் டப்பா, கேஸ் சிலிண்டர் எதுவும் கூடாது, தீப்பிடித்தால் ஈய உறை உருகும். இனி தேவையில்லாத சோர்ஸைத் திருப்பி அனுப்ப ஏஇஆர்பி அனுமதியை இலோராவில் கேளுங்கள். அனுமதி இன்னும் வரவில்லை என்றாலும் விண்ணப்பித்த சான்று கையில் இருக்கட்டும்.

9. அவசரத் திட்டத்தை நடத்திப் பாருங்கள்

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் தரைமட்டத்தில் இருந்த ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டி நகரவில்லை, ஆனால் அதை உறுதிசெய்யப் போக வேண்டிய ஆள் ஊருக்கு வெளியே மாட்டிக்கொண்டார், இரண்டாவது ஆள் யார் என்று திட்டத்தில் எழுதவே இல்லை. உங்கள் திட்டத்தில் வெள்ளமும் தீயும் திருட்டும் தனித்தனியாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் மாற்று ஆளின் பெயர் இருக்கட்டும்.

சோர்ஸ் காணாமல் போனாலோ விபத்து நடந்தாலோ 24 மணி நேரத்துக்குள் ஏஇஆர்பிக்குத் தெரிவிக்க வேண்டும், காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். கூடங்குளம் பக்கத்தில்தானே இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சோர்ஸுக்குப் பொறுப்பு உங்கள் நிறுவனம்தான்.

10. ஆட்களிடம் பேசுங்கள்

ஆய்வாளர் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆளிடமே கேட்பார். ஒரு ஒத்திகையில் நான் ஒரு பெரியவரிடம், "அண்ணாச்சி, இது என்னது?" என்று கேட்டேன். "அது கேமரா சார், ஆபீஸ்ல இருந்து நம்மள பாக்காங்க" என்றார். எட்டு வருஷமாக அதன் பக்கத்தில் கூட்டிப் பெருக்குகிறவர். அவர் மேல் குற்றமில்லை, யாரும் சொல்லவில்லை.

வகுப்பு எடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல் கேஜின் முன்னால் ஐந்து ஐந்து பேராக நிற்க வைத்துச் சொல்லுங்கள். மூன்று விஷயம் போதும்: இதற்குள் கதிர் இருக்கிறது, இதைக் கழற்றவோ இதன் மேல் ஏறி நிற்கவோ கூடாது, கீழே விழுந்து கிடந்தால் தள்ளிப் போய் இந்த எண்ணுக்குப் பேச வேண்டும். பயமுறுத்தாதீர்கள். பயந்தவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தாலும் சொல்லாமல் போய்விடுவார்.

11. இப்போது கோப்பை அடுக்குங்கள்

உரிமம், ஆர்எஸ்ஓ ஒப்புதல், சோர்ஸ் பட்டியல், கொள்முதல் மற்றும் போக்குவரத்துத் தாள்கள், மீட்டர் சான்றிதழ், அளவுப் பதிவு, கசிவுச் சோதனை முடிவு, டிஎல்டி அறிக்கை, மருத்துவப் பரிசோதனை, பயிற்சிப் பதிவு, அவசரத் திட்டம், ஏஇஆர்பிக்கு அனுப்பிய பாதுகாப்பு நிலை அறிக்கைகள். போன ஆய்வில் சொன்ன குறைகளும் அதற்கு நீங்கள் செய்ததும் எல்லாவற்றுக்கும் மேலே முதல் தாளாக இருக்கட்டும், அவர் முதலில் தேடுவது அதைத்தான்.

12. ஆய்வு நாள்

சென்னையில் உள்ள தெற்கு மண்டல மையத்திலிருந்தோ மும்பையிலிருந்தோ வருவார்கள், சொல்லாமலும் வரலாம். ஆகவே நீங்கள் விடுப்பில் இருந்தாலும் சாவியும் கோப்பும் மீட்டரும் எங்கே என்று தெரிந்த ஒருவர் ஆலையில் இருக்க வேண்டும்.

வருகிறவருக்கும் ஹெல்மெட், பாதுகாப்புக் காலணி, மேலே ஏற பெர்மிட் எல்லாம் தயாராக இருக்கட்டும். இது சின்ன விஷயம், ஆனால் பெர்மிட்டுக்காகக் கேட்டில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு உள்ளே என்ன சரிசெய்கிறார்கள் என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் அளவெடுக்கும்போது உங்கள் மீட்டரையும் பக்கத்தில் வைத்து அதே இடத்தில் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்குப் பதில் தெரியவில்லையென்றால் "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் கிளம்பும் முன்பே பார்த்துச் சொல்லுங்கள். ஜிஎம் (பொது மேலாளர்) பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்ல விடாதீர்கள், ஷட்டரை மூடுகிற ஆபரேட்டர்தான் அதை எப்படி மூடுகிறார் என்று சொல்ல வேண்டும்.

13. அறிக்கை வந்த பிறகு

குறைகள் எழுத்தில் வரும், பதிலுக்குக் காலக்கெடு இருக்கும். "சரிசெய்யப்படும்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சரிசெய்தவற்றுக்குத் தேதியோடு படம், முடியாதவற்றுக்கு எந்தத் தேதிக்குள் யார் செய்வார் என்ற விவரம், ஆர்டர் போட்ட நகல், எல்லாம் சேர்த்து இலோராவில் ஏற்றுங்கள். ஏற்றிய ரசீதை அச்செடுத்து, அடுத்த ஆய்வுக் கோப்பின் முதல் தாளாக அன்றைக்கே வைத்துவிடுங்கள்.